முதல் ஸ்கேனோடு ஒப்பிடு

போன மாதம் ராயப்பேட்டையில் நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஸ்கேன் சென்டரில் ஒரு சின்ன விழா. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் வளரும் கட்டிகளை அளக்க ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. பழைய டாக்டர்களை எல்லாம் கூப்பிட்டு, காபியும் வடையும் கொடுத்து, அதைக் காட்டினார்கள். நிவேதா என்ற இளம் டாக்டர் திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கினாள். கட்டியின் ஓரத்தை அதுவே கோடு போட்டுக் காட்டுகிறது. எவ்வளவு பெரிது என்று சொல்கிறது. இது வளருமா, வளராதா என்றுகூடச் சொல்கிறது.

கடைசியில் நிவேதா சொன்னாள். "இன்னொரு விஷயம். இது போன வருஷ ஸ்கேனோட நிறுத்திக்காது. பேஷண்டோட முதல் ஸ்கேனை எடுத்து அதோட ஒப்பிடும். எங்க டிபார்ட்மென்ட்ல இதுக்கு ஹேமா மேடம் ரூல்னு பேரு."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வடை தொண்டையில் நின்றுவிட்டது. ஹேமா அன்றைக்கு வரவே இல்லை. வராமலே கைதட்டல் வாங்க அவளால்தான் முடியும்.

அது ஹேமாவின் விதி இல்லை. என்னுடையது. இந்த வயதில் இதற்கெல்லாம் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போடுகிறேன், இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. இதற்கு மாத்திரை இல்லை. "மேடம், உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்களேன்" என்று அன்றைக்கு வாசலில் நிவேதா கேட்டாள். எழுதுகிறேன். நன்றாகவே எழுதுகிறேன்.

நான் படித்த கதை யாருக்கும் வேண்டியதில்லை. சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவரின் பெண், அரசாங்கக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தேன், பிறகு படம் பார்த்து நோய் சொல்லும் ரேடியாலஜி படித்தேன். சென்னையில் எம்.ஆர்.ஐ. மெஷின்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில் இந்த சென்டரில் சேர்ந்தேன். நான் சேர்ந்த அதே காலையில் ஹேமாவும் சேர்ந்தாள். மயிலாப்பூர் குளத்துக்கு அடுத்த தெரு. அப்பா பேராசிரியர், அம்மா பாட்டு டீச்சர். எனக்குக் கிடைத்த நாற்காலி ஏ.சி. நேராக முகத்தில் அடிக்கிற இடம். அவளுக்கு ஜன்னல் ஓரம்.

எங்கள் தலைவர் டாக்டர் ராமபத்ரன். அவர் உட்கார்ந்து படம் பார்த்து நான் கண்டதில்லை. விளக்குப் பெட்டியில் பிலிமை மாட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். பார்த்து முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை டிவைடரை எடுப்பார். பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸில் இருந்ததாம். கட்டியின் இரண்டு ஓரத்திலும் அதன் முனைகளை வைத்து, அப்படியே நகர்த்தி, படத்தின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் அளவுகோலின் மேல் வைப்பார். பிலிமில் யாராவது பென்சிலால் குறி போட்டிருந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். "இன்னொருத்தர் கண்ணை ஏம்மா கெடுக்கறே?" என்பார்.

இரண்டு பேர் அளக்க வேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். ஒருவர் கண்டதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் அளவை எழுதி மேஜையில் கவிழ்த்து வைக்க வேண்டும். அவர் வந்து இரண்டையும் திருப்புவார். அநேகமாக என் அளவு ஹேமாவுடையதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஓரத்தில் சந்தேகமாக மங்கலாகத் தெரிவதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன், அவள் சேர்த்துக்கொள்வாள். "மரகதம் தி.நகர் நகைக்கடைக்காரன் மாதிரி அளக்கறா. ஹேமா கையில தாராளம்" என்று சிரிப்பார் ராமபத்ரன். அதில் யாருக்குப் பாராட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுக்குத்தான் என்று அன்றைக்கு முடிவுகட்டி வைத்தேன்.

இந்தக் கட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது புற்றுநோய் இல்லை. நம்மை நிலைதடுமாறாமல் நிற்க வைக்கிற நரம்பின் உறையில், உள்காதுக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் எலும்புக் குழாய்க்குள் முளைக்கும். அதே குழாயில்தான் கேட்கும் நரம்பும் முகத்தை அசைக்கிற நரம்பும் ஒன்றையொன்று ஒட்டியபடி போகின்றன. பலருக்கு இது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். சிலருக்கு மெல்ல வளர்ந்து, குழாயை விட்டு வெளியே வந்து, மூளைத்தண்டைத் தள்ள ஆரம்பிக்கும். எது சும்மா கிடக்கும், எது வளரும் என்று முதல் படத்தை வைத்துச் சொல்ல எங்களுக்கு வழியில்லை. அதனால் ஆபரேஷன் என்று அவசரப்படாமல் வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்ப்போம். "வளருமா டாக்டர்?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். "அடுத்த படம் சொல்லும்" என்பார் ராமபத்ரன். ஜோசியம் சொல்லக் கூடாது என்பதில் அவர் கறார்.

படம் பார்ப்பதற்கு முன்னால் அவர் நோயாளியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "போன் வந்தா எந்தக் காதுல வெச்சுப் பேசறேள்?" இந்தக் கட்டி வந்தவர்கள் அநேகமாகத் தங்களுக்கே தெரியாமல் போனை நல்ல காதுக்கு மாற்றியிருப்பார்கள். காதை டெஸ்ட் செய்யும் அறைக்குப் போவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

சரளா எங்களிடம் வந்தபோது அந்தக் கேள்விக்குச் சிரித்தார். "எனக்கு ரெண்டு காதும் வேலைக்காரங்க சார். இடது காதுல ஹெட்போன், வலது காதுல என் குரல்." கோடம்பாக்கத்தில் டப்பிங் பேசுகிறவர். தமிழ் தெரியாத எத்தனையோ கதாநாயகிகள் அவர் குரலில்தான் அழுதிருக்கிறார்கள். தியேட்டரில் கேட்டிருப்பீர்கள், முகம் தெரிந்திருக்காது. சில மாதங்களாக இடது ஹெட்போனில் வசனம் தேய்ந்து கேட்கிறது என்று வந்தார். இடது காதின் குழாய்க்குள் ஒரு சின்னக் கட்டி இருந்தது.

கட்டி வளர்ந்து ஆபரேஷன் வரை போனால் முக நரம்புக்கு ஆபத்து உண்டு என்பதை அவருக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னவள் ஹேமா. முகம் கோணினால் என்ன, நான்தான் திரையில் வருவதே இல்லையே என்று சரளா சொல்லவில்லை. ஹேமாவின் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அழுத்தமாக மூடி, "அம்மா" என்று ஒருமுறை சொன்னார். "உதடு ஒட்டலைன்னா இது வராது டாக்டர். 'அப்பா' வராது. 'போ'ன்னு ஒரு திட்டுகூட வராது. அப்புறம் எனக்கு என்ன வேலை?" என்றார். நான் அடுத்த மேஜையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவர் ஹேமாவின் ஆள். வருஷா வருஷம் வருவார். ரிசப்ஷனில் யார் டாக்டர் என்று கேட்டால், "ஹேமா டாக்டர் பாத்தா போதும்" என்பார். நான் எதிரிலேயே நிற்பேன். என்னைப் பார்த்தும் சிரிப்பார், மரியாதைக்கு. அவர்கள் இருவரும் சினிமாக் கதை பேசிக்கொண்டு காபி குடிப்பார்கள். இரண்டாவதாக அளக்கிற வேலை எனக்கு வரும் என்றுதான் நினைத்தேன். அதற்குள் சென்டரில் கூட்டம் பெருகி, ராமபத்ரனின் வழக்கம் புது நோயாளிகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. சரளாவின் படத்தை ஹேமா தனியாகவே பார்ப்பாள், 'முந்தைய படத்தோடு ஒப்பிட மாற்றம் இல்லை' என்று எழுதுவாள், சரளா கோயிலுக்குப் போய்விட்டு வேலைக்குப் போவார்.

ஹேமாவின் மகளுக்கு வெளிநாட்டில் பிரசவம் வந்த வருஷம் சரளா எனக்குக் கிடைத்தார். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். "ஹேமா டாக்டர் வர்ற வரைக்கும் இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டார். ஸ்கேன் அறையில் உதவிக்கு இருந்த முனுசாமி வேறு, "ஹேமாம்மா இல்லாங்காட்டி சரளாம்மாவுக்கு மெஷினே புச்சா கீது போல" என்று சிரித்தான். எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தப் படத்தில் ஹேமா காணாத எதையாவது நான் காண வேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அதுதான் என் நினைப்பு.

அந்த நாளில் படங்கள் எங்களிடம் இருக்காது. பெரிய காக்கி உறையில் போட்டு நோயாளியிடமே கொடுத்துவிடுவோம். அடுத்த முறை வரும்போது எடுத்து வர வேண்டும். ஊரில் யாரும் பழைய உறைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வர மாட்டார்கள். போன வருஷ உறை ஒன்றை மட்டும் கொண்டுவருவார்கள், நாங்களும் அதோடு ஒப்பிட்டு எழுதிவிடுவோம். சரளாவும் போன வருஷ உறையோடுதான் வந்திருந்தார். இரண்டையும் மாட்டி அளந்தேன். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வித்தியாசம்தான். தலை கொஞ்சம் திரும்பிப் படுத்தாலே அந்த அளவு வித்தியாசம் வரும். ஹேமா எழுதியதையே நானும் எழுத வேண்டியதுதான்.

எனக்கு எழுத மனம் வரவில்லை. "முதல் ஸ்கேன் பிலிம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"வீட்ல பீரோ மேல இருக்கும். எதுக்கு டாக்டர்? ஹேமா டாக்டர் இதுவரைக்கும் கேட்டதே இல்லையே."

அந்த ஒரு வார்த்தை போதும். "நான் கேக்கறேன். எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றேன்.

மறுநாள் உறைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பிலிமின் ஒரு மூலையைக் காணோம். கிரகணம் பார்க்க அக்கா பிள்ளைகள் வெட்டிக்கொண்டார்களாம். நல்லவேளையாக வெட்டுப்பட்டது நெற்றிப் பக்கம், காது தப்பித்திருந்தது. முதல் படத்தை இடது பக்கமும் இந்த வருஷப் படத்தை வலது பக்கமும் மாட்டினேன். டிவைடரே வேண்டியிருக்கவில்லை. முதல் படத்தில் குழாய்க்குள் அடங்கிக் கிடந்த கட்டி, இப்போது குழாயின் வாயைத் தாண்டி வெளியே தலை நீட்டியிருந்தது. இடையில் உள்ள வருஷங்களை வரிசையாக மாட்டினேன். அடுத்தடுத்த இரண்டை எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் 'மாற்றம் இல்லை' என்பது நிஜம். மொத்தமாகப் பார்த்தால் அது பொய்.

எனக்கு வந்தது சந்தோஷம். ஹேமா கோட்டை விட்டுவிட்டாள், நான் பிடித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் காபி ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. பார்க்க ஆசைப்பட்டதைத்தான் பார்க்கிறேனா என்று பயம் வந்துவிட்டது. வளர்ந்திருக்கிறது என்று நான் எழுதினால் சரளாவுக்குச் சிகிச்சை. வளராத கட்டிக்குச் சிகிச்சை செய்து அவருக்கு இருக்கிற காதும் போய், உதடும் போனால், அதற்கு என் பொறாமைதான் காரணம். திரும்பத் திரும்ப அளந்தேன். என்னையே நம்ப முடியாமல் ராமபத்ரனைக் கூப்பிட்டேன்.

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "மரகதம், இது வளர்ந்திருக்குன்னு பாக்கறியா, ஹேமாவோட கேஸுன்னு பாக்கறியா?"

"ரெண்டும்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "சரி. நீ கஞ்சத்தனமா அளக்கறவ. நீயே வளர்ந்திருக்குன்னா நான் நம்பறேன். ஆனா நான் நம்பினா போறாது. ஹேமா வரட்டும். இது அவசரமா ஓடற கட்டி இல்லை."

ஹேமா ஊரிலிருந்து வந்த அன்று, முதல் படத்திலும் இந்த வருஷப் படத்திலும் பெயரும் தேதியும் இருக்கிற இடத்தில் காகிதம் ஒட்டி, ராமபத்ரனே மாட்டினார். வெட்டுப்பட்ட மூலையையும் மறைத்தார். யாருடையது என்று சொல்லாமல், அளந்து எழுதச் சொன்னார். நான் என் மேஜையிலிருந்து அவள் முதுகையே பார்த்தபடி இருந்தேன். அளந்தாள். இரண்டு சீட்டு எழுதிக் கவிழ்த்தாள். "ஒருத்தருடையதா சார்? ஒருத்தருடையதுன்னா இது நன்னா வளர்ந்திருக்கே" என்றாள். ராமபத்ரன் காகிதத்தைப் பிய்த்தார்.

ஹேமா பெயரைப் படித்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "நான் ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்தையே பாத்துண்டிருந்திருக்கேன்" என்றாள். அப்புறம், "முதல் பிலிமை யார் கேட்டு வாங்கினா?" என்றாள். ராமபத்ரன் என் பக்கம் கையைக் காட்டினார். அவள் என்னை முறைப்பாள், குறைந்தது அழுவாள் என்று எதிர்பார்த்துத் தயாராக இருந்தேன். அவள் எழுந்து வந்து என் தோளில் கையை வைத்து அழுத்திவிட்டு, நேராகப் போனை எடுத்து சரளாவைக் கூப்பிட்டாள்.

சரளா வந்தார். நான் சொல்ல வேண்டிய செய்தி அது. வாய் திறப்பதற்குள் ஹேமா சொல்லிவிட்டாள். "நான் கவனிக்காம விட்டுட்டேன் சரளா. மரகதம் கண்டுபிடிச்சா. இன்னும் சின்னதாத்தான் இருக்கு. கத்தி வைக்காம, குறி வெச்சுக் கதிர்வீச்சு குடுத்து நிறுத்தப் பாக்கலாம். இன்னும் ரெண்டு மூணு வருஷம் விட்டிருந்தா அந்த வழி அடைஞ்சிருக்கும்." சரளா அழுதார். அழுதபடியே ஹேமாவைக் கட்டிக்கொண்டார். தவறவிட்டவளை! கண்டுபிடித்த நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டி நின்றது. இடது காது மெல்ல மெல்லப் போய்விட்டது, முகம் அப்படியே இருந்தது. ஹெட்போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டு சரளா இன்னும் பல வருஷம் பேசினார். சிகிச்சைக்குப் பிறகு பேசிய முதல் பெரிய வேடம் முடிந்ததும் மைசூர்பாகு கொண்டுவந்தார். எனக்கு ஒரு பொட்டலம், ஹேமாவுக்கு ஒரு டப்பா. மறுமுறை வந்தபோது ரிசப்ஷனில் யார் டாக்டர் என்று கேட்டார்கள். "ஹேமா டாக்டர் பாத்தா போதும்" என்றார்.

இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் வடை இறங்கவில்லை என்று? இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த மென்பொருளுக்குக் கட்டியின் ஓரம் எது என்று கற்றுக்கொடுக்க, நூற்றுக்கணக்கான பழைய படங்களில் யாரோ கையால் கோடு போட்டுக் காட்ட வேண்டியிருந்ததாம். ஓய்வுக்குப் பிறகும் வந்து உட்கார்ந்து போட்டவள் ஹேமா. என்னை யாரும் கூப்பிடவில்லை. விழாவில் திரையில் கோடு ஓடியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மங்கலான ஓரத்தைத் தாராளமாக உள்ளே சேர்த்துக்கொண்டு போகிற கோடு. அவள் கை.

இந்தக் கட்டுரையை அத்தோடு முடித்து நிவேதாவுக்கு அனுப்பிவிடுவதாக இருந்தேன். பாதியில் அவளே போன் செய்து, எழுதியாயிற்றா என்று கேட்டாள். அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. போனை வலது காதுக்கு மாற்றினேன். மாற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. எத்தனை மாதமாக இப்படி மாற்றுகிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

நான் எத்தனையோ பேரைப் படுக்க வைத்த அறையில் என்னைப் படுக்க வைத்தார்கள். இடது பக்கக் குழாய்க்குள், ஒரு மிளகு அளவுக்குக் கட்டி இருந்தது. நிவேதா மென்பொருளை ஓட்டிவிட்டு, "மேடம், வளர்ற சான்ஸ் கம்மின்னுதான் காட்டுது" என்று என்னைத் தேற்றினாள். ராமபத்ரன் இப்போது இல்லை. இருந்திருந்தால் அதை அணைக்கச் சொல்லியிருப்பார். நான் அணைக்கச் சொன்னேன். "ஹேமாவைக் கூப்பிடு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

மயிலாப்பூரிலிருந்து ஆட்டோவில் வந்தாள். முழங்கால் வலியோடு படியேறி, ஆட்டோக்காரனைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு துண்டுச் சீட்டைக் கிழித்து ஒன்றை என்னிடம் கொடுத்தாள். "உன்னுடையதை நீயும் அள" என்றாள். என் கட்டியை நானே அளந்து எழுதிக் கவிழ்த்தேன். நிவேதா திருப்பினாள். ஹேமாவின் அளவு என்னுடையதைவிடப் பெரிது.

"என் கட்டியைக்கூட உனக்குக் கம்மியா பாக்கத் தெரியாதா?" என்றேன்.

"உனக்கு எல்லாத்துலயும் கஞ்சத்தனம்" என்றாள்.

விடக் கூடாது என்று கேட்டே விட்டேன். "அது என்னடி, ஹேமா மேடம் ரூல்?"

அவளுக்குப் புரியவே சற்று நேரமாயிற்று. "ஐயோ, அதுவா? நான் எங்கே அப்படிச் சொன்னேன்? புதுசா வர்ற பசங்க எல்லார்கிட்டயும் நான் சரளாவை விட்ட கதையைச் சொல்லுவேன். மரகதம் முதல் பிலிமைக் கேட்டா, நான் கேக்கலைன்னு சொல்லுவேன். தப்பு பண்ணினவ பேரை வெச்சிருக்கா, பாவிகள்."

நிவேதா தலையைக் குனிந்துகொண்டாள். நான் செய்த நல்ல காரியத்தைவிட ஹேமா தன் தவறைச் சொல்லித் திரிந்ததுதான் ஊரில் நின்றிருக்கிறது. அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் என் சீட்டை வீட்டுக்குப் போகும்போது கைப்பையில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுடையதைத்தான் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது ஹேமா சொன்னாள். "இதுதான் உன் முதல் படம். கம்ப்யூட்டர்ல இருக்குன்னு விட்டுடாதே, பிலிமும் போட்டு வாங்கி வெச்சுக்கோ. கிரகணம் கிரகணம்னு யாரும் வெட்டாம பாத்துக்கோ."

ஆறு மாதம் கழித்து மறுபடி வர வேண்டும். ரிசப்ஷனில் இருந்த பெண் தேதியைப் போட்டுவிட்டு, யார் ரிப்போர்ட் பார்க்க வேண்டும், நிவேதா மேடமா, வேறு யாராவதா என்று கேட்டாள்.

"ஹேமா டாக்டர் பாத்தா போதும்" என்றேன்.